வேலையை மாற்றி ‘மிஸ்ஸி’ ஆகலாமா?



ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட தாதியை நாம் எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுகிறோம். பதுளைப் பெரியாஸ்பத்திரி வார்ட்டில் தமிழ் பேசும் ஒரு மிஸ்ஸி நின்றால் நம் ஆட்களுக்கு எவ்வளவு தைரியம் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். ‘நெஞ்சு அடைக்குது’ என்பது ஒன்று, ‘நெஞ்சு எரியுது’ என்பது வேறொன்று. சிங்களம் தெரியாத ஒரு பாட்டி இரண்டுக்கும் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுவார். அந்த வித்தியாசத்தைக் கேட்டு எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் நம் லயத்துப் பிள்ளையாக இருக்கக்கூடாதா?

இந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போய்விட்டு, ‘இனிமேலாவது தாதி ஆகலாமா’ என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

இரண்டு சகோதரிகள் கேட்ட கேள்வி

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டு சகோதரிகள். மூத்தவருக்கு வயது 31. கலைப்பிரிவில் உயர்தரம் சித்தியடைந்து, வெளிவாரியாகக் கலைப் பட்டமும் பெற்று, சிறுவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். இளையவருக்கு வயது 22. அவரும் கலைப்பிரிவுதான். இப்போது பிள்ளை மடுவத்தில் வேலை. இருவரும் லீவில் ஊருக்கு வந்திருந்த ஒரு தாதி அக்காவைத் தேடிப் போனார்கள்.

“அக்கா, எனக்கு டிகிரி இருக்கு. வெளிநாட்டுல டிகிரி இருந்தா ரெண்டு வருசத்துல நர்ஸ் ஆகலாம்னு சொல்றாங்களே, இங்க அப்படி இல்லீங்களா?” என்று மூத்தவர் கேட்டார்.

“நீங்க கேள்விப்பட்டது உண்மைதான் தங்கச்சி. ஆனா அந்தக் கதவு இங்க இல்ல” என்றார் தாதி அக்கா.

அவர் சொன்னது சரியே. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வேறு பாடத்தில் பட்டம் பெற்ற ஒருவர் ஏறக்குறைய இரண்டு வருடப் பயிற்சியுடன் தாதி ஆகலாம். அமெரிக்காவில் இன்னும் குறைந்த காலத்தில் முடிக்கும் பயிற்சிகளும் உண்டு. சட்டம் படித்தவர், வங்கியில் இருந்தவர், ஆசிரியர் என்று பலரும் அங்கே அப்படி மாறியிருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவரிடம் அறவிடும் கட்டணம் பல இலட்சங்களைத் தாண்டும். ஆங்கிலப் பரீட்சையில் உயர்ந்த புள்ளியும் வேண்டும்.

நம் நாட்டில் அரச தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது பட்டத்தைக் கேட்பதில்லை. க.பொ.த. உயர்தரத்தில் என்ன பாடம் சித்தி, வயது என்ன என்பவற்றைத்தான் கேட்கிறார்கள். ஆகவே ‘டிகிரி இருக்கிறதே’ என்று காத்திருப்பதும் வீண். ‘டிகிரி இல்லையே’ என்று கவலைப்படுவதும் வீண்.

வாசலில் உள்ள மூன்று பூட்டுகள்

முதலாவது பூட்டு, பாடம். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அறிவித்தல் போட்டுத்தான் மாணவ தாதியரைச் சேர்க்கிறது. அதற்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்திகள் தேவை. உயிரியல் பிரிவு என்றால் உயிரியல், இரசாயனவியல், அவற்றோடு பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களை உற்றுப் பார்ப்பார்கள். எதற்குத் திறமைச் சித்தி, எதற்குச் சாதாரண சித்தி போதும் என்பது அந்தந்த அறிவித்தலில் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது பூட்டு, வயது. வயதெல்லை இருபதுகளுக்குள்ளேயே முடிந்துவிடும். சில அறிவித்தல்களில் குறிப்பிட்ட ஆண்டுகளில் உயர்தரம் எழுதியவர்களை மட்டும் கேட்டதும் உண்டு. அறிவித்தல் எந்த மாதம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது பூட்டு, மொழி. பயிற்சிப் பாடங்கள் ஆங்கிலத்தில். வார்ட்டில் கூட வேலை செய்பவர்களுடன் பேசச் சிங்களம் வேண்டும். நோயாளிக்குத் தமிழ் வேண்டும். தமிழால் விஞ்ஞானம் படிக்க முடியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1847ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் படிப்பித்தார். உயர்தரம் வரை நீங்களும் தமிழிலேயே படிக்கலாம். அதோடு தினமும் பத்து ஆங்கிலச் சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று பூட்டும் திறந்தால் உள்ளே மூன்று வருடப் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. தாதியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று நம் பதுளையிலேயே இருக்கிறது. பயிற்சி முடித்து இலங்கைத் தாதியர் பேரவையில் பதிந்தபின் அரச தாதிய உத்தியோகத்தர் ஆகலாம். பட்டம் வேண்டுமென்றால் அதற்குப் பிறகும் படிக்கலாம். பதிவு பெற்ற தாதியருக்கென்று இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994ல் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வேறு நாட்டில் பட்டம் முதல், தாதி பிறகு. நம் நாட்டில் தாதி முதல், பட்டம் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பிமாரும் விண்ணப்பிக்கலாம். ஆண் தாதியரும் இருக்கிறார்கள்.

உயர்தரத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி பல்கலைக்கழகம். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர முதலிய பல்கலைக்கழகங்களில் நான்கு வருடத் தாதியர் பட்டப்படிப்பு உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் முதல் மூன்று தடவைகள் மாத்திரமே கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

வயதைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தாதி அக்கா இளையவரின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொன்னார்.

“இப்ப உனக்கு 22. சயன்ஸ் பாடம் படிக்க ரெண்டு வருசம். பிரைவேட்டா எழுதலாம், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகத் தேவையில்ல. அப்ப 24. ரிசல்ட் வந்து, கெசட் வர இன்னும் ஒண்ணோ ரெண்டோ வருசம். 26 ஆயிடும். ஒரு தடவ தவறினாலும் இன்னொரு தடவ எழுத இடமிருக்கு. ஆனா ரெண்டு தடவ தவறினா இல்ல. அடுத்த வருசம் பாப்போம்னு தள்ளிப் போட்டா அதுவும் இல்ல.”

“ஓஎல்ல எனக்கு இங்கிலீசு பெயிலுக்கா.”

“அதையும் பிரைவேட்டா எழுது. அத முதல்ல எழுது.”

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான கணக்கு. ‘எனக்கு விருப்பம் இருக்கா’ என்று கேட்பதற்கு முன் ‘எனக்கு எத்தனை வருசம் மிச்சம்’ என்று எண்ணிப் பாருங்கள். 22ல் கணக்கு சரிவரும். 24ல் நூல் மேல் நடப்பது போல. 26ல் விஞ்ஞானப் பாடத்தைப் புதிதாகத் தொடங்கினால் பெரும்பாலும் கதவு மூடிய பிறகுதான் போய்ச் சேருவோம்.

மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப எனக்கு இல்ல, அப்படித்தானே அக்கா?”

“இந்தக் கதவு இல்ல தங்கச்சி. பொய் சொல்லி உங்க காச கரைக்க எனக்கு மனசில்ல.”

உண்மையைச் சொல்வதும் ஓர் உதவிதான். நவீன தாதியத்தின் தாய் என்று சொல்லப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851ல், தமது 31ஆவது வயதில்தான் ஜெர்மனியில் சில மாதப் பயிற்சி பெற்றார். வயது போனவரால் தாதி வேலை செய்ய முடியாது என்பதல்ல காரணம். நம் நாட்டு அரச ஆட்சேர்ப்பு விதி அப்படி. விதி மாறலாம். ஆகவே ஒவ்வொரு அறிவித்தலையும் முழுதாக வாசியுங்கள்.

வயது தாண்டியவர்களுக்கு நோயாளிகளைப் பராமரிக்கும் வேறு வேலைகள் உண்டு. பராமரிப்பாளர், தாதி உதவியாளர் பயிற்சிகளுக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் விசாரியுங்கள். வயது இடம்கொடுப்பவர்கள் மருத்துவமாதுப் பயிற்சி அறிவித்தலையும் பாருங்கள். அது ஒன்றரை வருடப் பயிற்சி. அதன் தகுதிகள் வேறு.

காசு கட்டுவதற்கு முன்

பஸ் நிலையச் சுவரில் ‘ஆறு மாதத்தில் நர்ஸ்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, ஈ.பி.எப். காசையும் தோட்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். தாதி உதவியாளர் என்பது ஒரு வேலை. பதிவு பெற்ற தாதி என்பது வேறு வேலை. முதலாவதற்குப் படித்துவிட்டு இரண்டாவது என்று நம்பியிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்.

1. இந்தப் பயிற்சியை முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் தாதியாகப் பதிய முடியுமா?
2. இந்த நிறுவனமும் இந்தப் பயிற்சியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடதாசிகளை இன்றே எடுத்துப் பாருங்கள்

படிப்பில் தேறிய பிள்ளை கடதாசியில் தோற்பது நம் தோட்டங்களில் நடக்கும் காரியம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு பெயர். ஓர் எழுத்து மாறினாலும் நேர்முகப் பரீட்சையில் கேள்வி வரும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். திருத்த மாதக்கணக்கில் எடுக்கும். கெசட் வந்தபின் ஓட நேரம் இருக்காது.

விலாசமும் அப்படித்தான். தோட்டத்துக்கு வரும் கடிதம் பல கை மாறித்தான் லயத்துக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம், நாள் போன பிறகு கைக்கு வந்து என்ன பயன்? டவுனில் நம்பிக்கையான உறவினர் விலாசம் இருந்தால் அதைக் கொடுங்கள். எப்போதும் இயங்கும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தபாலில் கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சின் இணையத்தளம் வழியாகக் கேட்டால், அனுப்பிய படிவத்தின் பிரதியை அச்செடுத்து வையுங்கள்.

பயிற்சி

சாதாரண தரக் கணிதம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்குகளைச் செய்து பாருங்கள். இவை தாதியர் தினமும் செய்பவை. வீட்டில் மருந்து கொடுக்க இவற்றைப் பயன்படுத்தக்கூடாது.

1. பாணி மருந்தில் 5 மில்லிலீற்றருக்கு 125 மில்லிகிராம் மருந்து உண்டு. டொக்டர் 250 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். எத்தனை மில்லிலீற்றர்?

2. 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு?

3. அந்தக் குழாயில் 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு எத்தனை துளி?

விடை: முதலாவது 10 மில்லிலீற்றர். இரண்டாவது 125 மில்லிலீற்றர். மூன்றாவது, 125ஐ 20ஆல் பெருக்கினால் 2500 துளி. அதை 60ஆல் பிரித்தால் ஏறக்குறைய 42 துளி.

மூன்றையும் சரியாகச் செய்தவருக்குக் கணிதத்துக்குப் பயப்படக் காரணம் இல்லை. பிழைத்தவர் மறுபடி செய்யுங்கள். கொப்பியில் பிழைத்தால் அழிக்கலாம், வார்ட்டில் பிழைத்தால் அழிக்க முடியாது.

வீட்டில் பேசுவதற்கு

நம் வீட்டில் 25 வயதுக்குக் குறைந்தவர் யார்? அவர் சாதாரண தரத்தில் எந்தப் பாடம் தவறியிருக்கிறார்? இப்போது உயர்தரத்துக்குப் போகும் பிள்ளை, பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் கலைப்பிரிவை எடுக்கிறதா? விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைக்குப் பஸ்ஸில் போய்வர என்ன செலவாகும்? பெரட்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் படிக்க அந்தப் பிள்ளைக்கு விளக்கும் ஒரு மூலையும் கிடைக்குமா? அந்த நேரம் தண்ணீர் எடுத்து வருவது யார்?

அந்த இரண்டு சகோதரிகளின் கதைக்கு இன்னும் முடிவு வரவில்லை. இளையவர் பிள்ளை மடுவத்து வேலையை விடாமலே ஆங்கிலப் பாடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். மாலையில் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது மூத்தவர். “என் டிகிரிக்கு இங்கதான் மொத வேல கிடைச்சிருக்கு” என்று சொல்லிச் சிரித்தாராம். அதோடு பராமரிப்பாளர் பயிற்சியைப் பற்றிப் பதுளையில் விசாரிக்கவும் போயிருக்கிறார், அந்த இரண்டு கேள்வியையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு.

நீங்களும் ஒரு துண்டை எடுத்து உங்கள் வயதையும் மிச்சமிருக்கும் வருடங்களையும் இன்றிரவே எழுதிப் பாருங்கள்.