மீன் குஞ்சின் முதல் கவளம்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா என்பார்கள். வேண்டியதில்லைதான். ஆனால், தொட்டியில் பிறந்த கடல்மீன் குஞ்சுக்கு உணவு கொடுப்பது எளிதன்று. அது எவ்வாறு என்று பார்ப்போமா, தோழியரே?

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று உள்ளது. இந்தியாவிலேயே முதன்முறையாக, 2010-ஆம் ஆண்டில் அங்கே கடல் விரால் என்னும் மீனை முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்தெடுத்தனர். பல கிலோ எடைக்கு வளரக்கூடிய இம்மீனின் குஞ்சு, பொரித்தவுடன் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அப்போது அதற்கு வாய் திறந்திராது. வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சள் கருவே அதன் கட்டுச்சோறு. ஏறக்குறைய 3 நாட்களில் அது தீரும், வாயும் திறக்கும். அவ்வேளையில் தகுந்த உணவு கிடைக்காவிடில் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக மடிந்துவிடும்.

அச்சிறு வாய்க்கு ஏற்ற உணவு ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய விலங்கு. அதன் நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். அந்த ரோட்டிஃபருக்கு உணவு நுண்பாசி. நானோகுளோராப்சிஸ் என்னும் நுண்பாசியின் அளவு 2 முதல் 5 மைக்ரான்தான். 1000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்!

நாற்றங்கால் இல்லாமல் நடவு இல்லை. அதுபோல, குஞ்சு பொரிக்கும் முன்பே பாசியை வளர்த்து ஆயத்தமாக வைக்க வேண்டும். சோதனைக் குழாயில் தொடங்கி, குடுவைக்கும் பின் பெரிய தொட்டிக்கும் படிப்படியாக மாற்றுவர். அதற்கு வெளிச்சம், உரச்சத்து, தூய கடல்நீர் ஆகியவை தேவை. வேறு உயிரினம் புகுந்தால் விளைச்சல் கெட்டுவிடும்.

நுண்பாசி வயிற்றை நிரப்புவதோடு நிற்பதில்லை. குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் ஐசோகிரைசிஸ் என்ற பாசியில் நிறைய உண்டு. கடல்மீன் குஞ்சுகளால் இதைத் தம் உடலில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாது. பாசி தின்ற ரோட்டிஃபரை உண்ணும்போது இச்சத்து குஞ்சைச் சேருகிறது. தாய்ப்பாலிலும் இதே சத்து இருக்கிறது என்பது வியப்பன்றோ!

குஞ்சுத் தொட்டியிலும் பாசியைக் கலந்து நீரைப் பசுமையாக்குவர். அதில் ரோட்டிஃபர் பட்டினியின்றி இருக்கும். கழிவான அம்மோனியாவும் குறையும். குஞ்சு சற்று வளர்ந்ததும், உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவின் இளங்குஞ்சுகளை ஊட்டுவர். பின்னரே தீவனம்.

இவ்வாறு பிழைத்த குஞ்சுகள் மீனவர்களின் கடற்கூண்டுகளில் வளர்கின்றன. எங்கள் வகுப்பிலும் கடலை நம்பிய வீட்டுப் பிள்ளைகள் உண்டு. படகு கடலுக்குப் போகாத நாளின் கவலையை நாங்கள் அறிவோம். அந்நாளிலும் கூண்டில் மீன் வளரும். அதற்கு வித்திட்டது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. சிறியது என்று எதையும் நாம் தள்ளிவிடலாகாது!