வளவனூரிலிருந்தே நல்கை பெறலாம்

சுடுமண்ணில் புதுவகைச் சிற்பங்கள் செய்துவரும், ஆனால் சென்னைக் கலைக்கூடங்கள் எதிலும் அறிமுகம் இல்லாத ஒருவருக்கு நிதியுதவி செய்யும் அமைப்பு உண்டா? விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?
– ஒரு வாசகர், வளவனூர்

உண்டு, ஆங்கிலம் தடையன்று. 1993இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு, 1995 முதல் நல்கைகள், அதாவது திருப்பிச் செலுத்த வேண்டாத திட்ட உதவித்தொகைகள், வழங்கிவரும் ‘இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முன்மொழிவுகளை ஏற்கிறது. முடிந்த சிற்பத்தை விலைக்கு வாங்குவது அதன் பணியன்று. கலைஞர் இனிச் செய்து பார்க்க விரும்பும் தேடலுக்கே அது துணை நிற்பதால், எந்தக் கேள்வி தம்மைச் சுடுமண்ணுக்கு இழுக்கிறது, அதை எவ்வழியில், எத்தனை மாதங்களில் ஆராயப் போகிறார், சூளைக்கும் விறகுக்கும் உதவியாளர் கூலிக்கும் எவ்வளவு ஆகும் என்பவற்றை வாசகர் தெளிவாக எழுதுவது நன்று. இவற்றுள் முதற்கேள்வியே உயிர்நாடி. அது மங்கலாக இருந்தால் எத்துணை அழகிய ஒளிப்படமும் விண்ணப்பத்தைக் காப்பாற்றாது.

புரவலர் வரும்வரை காத்திராத மரபும் தமிழகத்துக்கு உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர்கள், மெழுகு தடவித் துணிக்குச் சாயமேற்றும் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றே வாழ்ந்து, ஓவியத்தையும் சிற்பத்தையும் தொடர்ந்தனர். வாசகரும் அகல்விளக்கோ பூந்தொட்டியோ விற்று வாழ்வதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. விண்ணப்பத்தின் முதற்பக்கத்தை இந்த வாரமே, தம் சொந்தத் தமிழில், எழுதத் தொடங்குவாராக.