காசநோய்க்கு மரபணுச் சோதனை: யாருடைய மரபணு?

காசநோய் ஐயத்துடன் வருவோரின் சீட்டில் ‘மரபணுச் சோதனை’ என்று எழுதியதும் உடன் வந்தோரின் முகம் வாடுவதைக் காண்கிறோம். “இது பரம்பரை நோயா? பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரமாயிற்றே!” என்பதே முதற்கேள்வி. சோதிக்கப்படுவது நோயாளியின் மரபணு அன்று. அவர் சளியிலுள்ள கிருமியின் மரபணு. காசநோய் காற்றின் வழியே தொற்றுவது, பரம்பரையாக வருவதன்று.

ட்ரூநாட் எனப்படும் இச்சோதனை நம் நாட்டில் உருவானது. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் இதை ஏற்றது. கருவி மின்கலத்திலும் இயங்கும். குளிரூட்டிய அறை வேண்டியதில்லை.

சளியிலிருந்து பிரித்த டி.என்.ஏ., ஒரு துளிக்கும் குறைவான அளவில், சிறியதொரு சில்லில் இடப்படும். சில்லு மாறி மாறிச் சூடாகிக் குளிர, கிருமிக்கே உரிய மரபணுத் துண்டு சுற்றுக்குச் சுற்று ஏறத்தாழ இருமடங்காகப் பெருகும். புதுப் படி உருவாகுந்தோறும், உடன் சேர்த்த சாயம் ஒளிரும். அவ்வொளியைக் கருவி அளக்கும். கிருமி மிகுதியெனில் ஒளி விரைவில் தோன்றும், குறைவெனில் தாமதமாகும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்கும். நுண்ணோக்கியில் புலப்பட ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகள் வேண்டும். இதற்கு அதனினும் மிகக் குறைவே போதும்.

கிருமி இருப்பது உறுதியானால் இரண்டாவது சில்லு வரும். முதன்மை மருந்தாகிய ரிஃபாம்பிசின் இக்கிருமியைக் கொல்லுமா என்பதை அது சொல்லும். நம் ஊர்க் கல்வெட்டில் ஓரெழுத்து மாறினால் பொருளே மாறிவிடுமல்லவா? கிருமியின் மரபணுவிலும் அவ்வாறே. ஓரெழுத்து மாற்றத்தால் மருந்து பலனற்றுப் போகலாம். கிருமியை வளர்த்துப் பார்த்து இதை அறியப் பல வாரங்கள் ஆகும். அதுவரை நோயாளி பலனற்ற மருந்தை உண்பார்; வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்று பரவும்.

இத்தனை நுட்பமும் தரப்படும் சளியைப் பொறுத்ததே. உமிழ்நீரைத் தந்தால் இருக்கும் நோயும் தெரியாமல் போகலாம். வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியே வேண்டும். காலையில் எடுப்பது நன்று. வீட்டினுள் எடுக்காமல், பிறர் அருகில் இல்லாத திறந்த வெளியில் எடுங்கள்.

மருந்து தொடங்கிய பின் இச்சோதனையை மீண்டும் கேட்போர் உண்டு. இறந்த கிருமியின் டி.என்.ஏ.வும் ஒளிரும் என்பதால், குணமாகி வருபவருக்கும் ‘கிருமி உண்டு’ என்றே விடை வரக்கூடும். ஆகவே சிகிச்சையின் முன்னேற்றத்தை அறிய நுண்ணோக்கியையும் கிருமி வளர்ப்புச் சோதனையையுமே நாடுகிறோம்.