கால் ராசியும் கூரை ஒழுக்கும்

மலாக்கா பத்து பெரண்டாமில் புது வீட்டுச் சாவி வாங்கும் இளம் குடும்பங்களுக்கு முதல் இரண்டு வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது. பால் காய்ச்சுவார்கள். முதல் அடைமழையில் மாடியறை மூலையில் ஈரம் இறங்கும். பிள்ளை பிறக்கும், மூன்றாம் நாள் அதன் கண் மஞ்சளாகும். கணவனுக்குச் சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், மனைவி பகலெல்லாம் பிள்ளையோடு தனியாக. ஒரு வாரம் இருவருக்கும் பேச்சு சரியில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டில் டிங்கி. இவ்வளவையும் ஒன்றாகக் கூட்டி, பார்க்க வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே சொல்லிவிடுவார்: "இந்த வீடு உங்களுக்கு ராசியில்லப்பா." அதைவிடக் கொடுமை, சில குடும்பங்களில் அந்தப் பழி வீட்டின்மேல் விழாமல் மருமகளின் கால்மேல் விழுகிறது.

அப்படிச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்களில் பலர் லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போனார்கள். பிள்ளை இரவில் அழுதால் நடுச்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பாட்டி எழுந்து வருவார். கேட்க உரிமையில்லாத இடத்தில் ராசியைச் சொல்லித் தேற்றிக்கொண்டார்கள், அதில் தவறில்லை. இன்றைய வீடு நம் பெயரில் இருக்கிறது. நடக்கிற ஒவ்வொன்றுக்கும் காரணமும் மருந்தும் உண்டு. ராசி என்று சொன்ன மறுநிமிடம் அந்தக் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். என் வருத்தம் அதுதான்.

நம்பிக்கை: வீட்டில் கர்ப்பிணி இருந்தால் புது வீடு போகக் கூடாது, ஆணிகூட அடிக்கக் கூடாது.

சுவரில் இறங்கும் ஆணிக்கும் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இந்த நம்பிக்கைக்குள் ஒரு நல்ல எண்ணம் ஒளிந்திருக்கிறது: நிறைமாதப் பெண்ணைப் பெட்டி தூக்கவும் ஈரத்தரையில் ஏறி இறங்கவும் விடாதே என்பது. அதை அப்படியே வைத்துக்கொள்வோம். சாயம் பூசும் நாள்களில் அவர் அங்கே இருக்க வேண்டாம். வாடை போகும்வரை ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அலமாரியை மற்றவர்கள் நகர்த்தட்டும். அவர் நடந்து வந்து உட்காரட்டும்.

பிள்ளை பிறந்து, பிறகு நாள் பார்த்துப் போகலாம் என்று வீட்டைப் பூட்டி வைப்பதில் பண நட்டம் உண்டு. சாவி வாங்கும்போது பெரும்பாலும் கடன் முழுவதும் வங்கியிலிருந்து வெளியாகியிருக்கும். தவணை ஓடத் தொடங்கிவிடும், கூடவே வாடகையும். பணத்தைவிட முக்கியமான இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது: வீட்டின் குறைகளைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டிய காலம்.

நம்பிக்கை: புதுச் சுவரில் விரிசல் விட்டால் வீட்டுக்குத் தோஷம். பரிகாரம் செய்தால் அடங்கும்.

பூச்சுச் சாந்து காயும்போது சுருங்கும். முடி கனத்தில் வலைபோல ஓடும் கீறல்கள் அதனால் வருபவை, பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலும், நாளுக்கு நாள் அகலமாகும் விரிசலும், செங்கல்வரை பிளந்த விரிசலும் வேறு வகை. அவை அடிமண் அமுங்குவதைக் காட்டலாம். வேறுபாட்டை அறிய ஒரு பென்சில் போதும். விரிசலின் இரு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் படம் எடுங்கள்.

ஒழுக்கு, நீர் தேங்கும் குளியலறை, உள்ளே வெற்றொலி கேட்கும் தரை ஓடு, இறுகிப் போன கதவு, இவையெல்லாம் கட்டியவரின் குறைகள். அவற்றை அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற டெவலப்பரிடம் நேரடியாக வாங்கிய புது வீட்டுக்கு, சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. எழுத்தில் புகார் கொடுத்த 30 நாளுக்குள் அவர்கள் பழுது பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், செலவுக் கணக்கை எழுதித் தெரிவித்து, மறுபடியும் அவகாசம் கொடுத்துவிட்டு, வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளலாம். அந்தச் செலவை மீட்பதற்காகவே வீட்டு விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞர் பொறுப்பில் நிறுத்தி வைக்கப்படுகிறது. பாதி 8 மாதம் கழித்தும், மீதி 24 மாதம் கழித்தும்தான் டெவலப்பர் கைக்குப் போகும்.

நீங்கள் குடியேறினாலும் சரி, நல்ல நாளுக்காகப் பூட்டி வைத்தாலும் சரி, 24 மாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மற்றொன்று: வாட்சாப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள் பலர். அது போதாது. டெவலப்பர் கொடுக்கும் புகார்ப் பாரத்தை நிரப்பி, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். பரிகார பூசை செய்ய மனம் சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள், மன நிறைவு பெரிய விஷயம். பாரத்தை அதற்கு முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 2002-இல் தொடங்கியது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 10 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். தோட்டத்தில் கிராணி முன்னால் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த 10 ரிங்கிட் பாரம் சாதாரண விஷயமில்லை.

நம்பிக்கை: பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் காலை வெயிலில் காட்டினால் போய்விடும்.

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சளாகின்றன. பலருக்குத் தானாகவே இறங்கிவிடும், வெயிலில் காட்டியவர்கள் வெயிலைப் புகழ்கிறார்கள். இறங்காத பிள்ளைக்கு இரத்தத்தில் பிலிருபின் ஏறிக்கொண்டே போய் மூளையைத் தாக்கலாம். காது கேட்காமல் போவதும் கைகால் இயக்கம் பாதிக்கப்படுவதும் வாழ்நாள் முழுவதும் நிற்கிற சேதங்கள். மருத்துவமனையில் வைப்பது அளந்து கொடுக்கும் நீல ஒளி. முற்றத்து வெயிலை அளக்க முடியாது. அது பச்சிளம் தோலைச் சுடும், உடலின் நீரை வற்ற வைக்கும். எல்லாவற்றையும்விட, இரத்தம் பார்க்க வேண்டிய இரண்டு நாளை அது விழுங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், வயிற்றைத் தாண்டி காலுக்கு இறங்கினால், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு தூங்கினால், உடனே மருத்துவமனை.

நம் நாட்டில் பிள்ளை பெற்ற வீட்டைத் தேடி அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி, அதாவது தாதி, வருகிறார். முதல் மாதத்தில் பலமுறை வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். உலகில் பல நாடுகளில் இல்லாத வசதி இது. ஆனால் நம்மிடம் ஒரு சிக்கல். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது வழக்கம். கர்ப்பகாலப் பதிவுக்கான பிங்க் புத்தகத்தில் இருப்பதோ பழைய வாடகை வீட்டு முகவரி, அல்லது பத்து பெரண்டாம் முகவரி. பெண்ணோ ஜாசினில் அம்மா வீட்டில். மிஸ்ஸி பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார், பிள்ளை அங்கே வெயிலில் கிடக்கிறது. பத்தியம் இருக்கப்போகும் வீட்டின் முகவரியை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

மஞ்சளோடு சேர்ந்த இன்னொன்று, புது வீட்டுக்கே உரியது. புதிய அலமாரி வாங்கியதும் நாம் முதலில் போடுவது பாச்சை உருண்டை. குழந்தைத் துணிகளுக்கு நடுவிலும் போடுகிறோம். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அது குறைவாக உள்ள பிள்ளைகள் (ஆண்பிள்ளைகளே அதிகம்) பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலின் வாடையை முகர்ந்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும், மஞ்சள் திடீரென்று ஏறக்கூடும். சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். எப்படி இருந்தாலும், கைப்பிள்ளை உள்ள வீட்டில் அந்த உருண்டைகள் வேண்டாம். அவற்றோடு கிடந்த பழைய துணிகளையும் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் பிள்ளைக்குச் சுற்ற வேண்டாம். வெயில் இங்கே நல்ல வேலை செய்யும்.

நம்பிக்கை: பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தொங்கும்.

தவறு. பால் கொடுக்கிற தாய்க்குத் தாகம் கூடும், குடிக்கத்தான் வேண்டும். தண்ணீரும் குறைந்து, படுக்கையை விட்டு எழாமலும் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மிளகும் பூண்டும் சுறாப்புட்டும் இருக்கட்டும், பத்தியச் சாப்பாட்டில் பல நல்லவை. பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவதை மட்டும் ஒரு வயதுவரை ஒத்திப்போடுங்கள். அதில் இருக்கக்கூடிய கிருமி சிசுவின் தசைகளை முடக்கக்கூடியது. சாம்பிராணிப் புகையைப் பிள்ளையின் தலைக்குக் காட்டாமல் சாமி படத்துக்குக் காட்டுங்கள்.

நம்பிக்கை: இது புதுத் தாமான், சாக்கடை சுத்தம். டிங்கி வராது.

ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்து நிற்கும் நீர்தான் வேண்டும். பாதி வீடுகளுக்கு ஆள் வராத புதுத் தாமான் அதற்குச் சொர்க்கம்: பூட்டிய வீட்டுக் கழிவறைத் தொட்டி, கொந்தராக்டர் விட்டுப்போன வாளி, சாந்து அடைத்த கூரைக் கால்வாய்.

மலாக்காக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1991-இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, மாநிலமே தண்ணீர்ப் பங்கீட்டில் தவித்தது. 2020 தொடக்கத்திலும் நீர்த்தேக்கங்கள் வறண்டு மறுபடி பங்கீடு வந்தது. அந்த நாள்களைப் பார்த்த மாமியார் புது வீட்டின் பின்கட்டில் இரண்டு தோம்பு நிறையத் தண்ணீர் பிடித்து வைக்கிறார். மருமகளுக்கு அது இடைஞ்சலாகத் தெரிகிறது. மாமியாரின் பயம் நியாயமானது. தோம்பு இருக்கட்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டால் பொரிக்கும்.

காய்ச்சல் விட்டது, பிழைத்தோம் என்று நினைப்பதும் டிங்கியில் பிழை. காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் மிக ஆபத்தானது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நம்பிக்கை: புது வீட்டில் சண்டையும் அழுகையும் வந்தால் கண்ணேறு.

கணக்குப் பாருங்கள். பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலை வந்தவன் தூங்கப் போகும் நேரத்தில் பிள்ளை விழிக்கும். தூங்காத இரண்டு பேர் புதுக் கடனோடு ஒரு கூரைக்குள் இருந்தால் வார்த்தை தடிக்கும். இதற்குக் கண்ணேறு வேண்டியதில்லை. 2023 ஜனவரி முதல் நம் வேலைச் சட்டத்தில் மகப்பேற்று விடுப்பு 98 நாள், திருமணமான தந்தைக்கு 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்து, 30 நாள் முன்பே தெரிவித்திருந்தால் ஐந்து பிள்ளைப்பேறுவரை தந்தைக்கு இந்த உரிமை உண்டு. "ஆம்பளைக்கு எதுக்கு லீவு" என்று கூச்சப்பட்டு அதை விட்டுவிடும் தம்பிகளே, எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை பெற்ற மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு, இரண்டு வாரத்தில் தணியும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் என்றால், அது மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு. மருத்துவம் உள்ள நோய். பேய் பிடித்ததும் இல்லை, திமிரும் இல்லை, அவள் கால் ராசியும் இல்லை. சுகாதாரக் கிளினிக்கில் கேள்வித்தாள் வைத்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். வீட்டிலிருந்தே பேச 15555 என்ற ஹீல் மனநல உதவி எண் உண்டு. 15999 என்ற தாலியான் காசே எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு புது வீடு பார்க்கப் போகும்போது வாசல் எந்தத் திசை என்று கேட்க வேண்டாம். உள்ளே போங்கள், கை கழுவுங்கள், பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். லயத்தில் நடுச்சுவருக்கு அப்பாலிருந்து வந்த பாட்டி உங்களுக்குச் செய்தது அதுதான்.