ஞாயிற்றுக்குப் பின் திங்கள் ஏன்?

ஆறாம் வகுப்பில் வகுத்தல் நடத்தும்போது, "மீதி எதுக்கு டீச்சர்?" என்று யாராவது ஒருவர் கேட்பதுண்டு. மாத நாள்காட்டி ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். பலவற்றின் பின்பக்கத்தில் ஓரை அட்டவணை இருக்கும். கிழமைகளின் வரிசைக்கான காரணம் அதில் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாள் பூமியின் சுழற்சியால் வருவது. மாதம் நிலவால், ஆண்டு சூரியனால். வாரத்துக்கு அப்படி வானில் எந்தச் சுழற்சியும் இல்லை. அது மனிதர் வகுத்துக்கொண்ட எண்ணிக்கை. இதற்கான சான்று சென்னை மாணவர்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் மயிலாப்பூர் விழாக்கள் வரிசையாக வருகின்றன: ஐப்பசி ஓணம், மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம். மாதமும் நட்சத்திரமும்தான் விழாநாளைக் குறிக்கின்றன, கிழமை இல்லை. ஆனால் அவருடைய கோளறு பதிகத்தில் ஏழு கோள்களும் இன்றைய கிழமை வரிசையிலேயே வருகின்றன. அதாவது அப்போதே ஏழுநாள் வரிசை இங்கு அறிமுகமாகிவிட்டது; விழாக்கள் மட்டும் பழைய கணக்கில் நடந்தன. இன்றும் அறுபத்துமூவர் விழாவுக்கு நாள் குறிப்பது கிழமை பார்த்து அல்லவே!

இந்தியக் கல்வெட்டுகளில் கிழமையைச் சொல்லும் மிகப் பழையவற்றுள் ஒன்று, மத்தியப் பிரதேசத்தின் ஏரண் தூணில் உள்ள புதகுப்தர் காலக் கல்வெட்டு. ஆண்டு கி.பி. 484, நாள் வியாழன்.

இனி வரிசைக்கு வருவோம். பழங்கால வானியலார் பூமியை நடுவில் வைத்து, வானத்தை ஒருமுறை சுற்ற ஆகும் காலத்தைக் கொண்டு கோள்களை அடுக்கினர். சனிக்கு ஏறக்குறைய 29½ ஆண்டு, வியாழனுக்கு 12, செவ்வாய்க்கு சுமார் 2, சூரியனுக்கு 1. சூரியனை விட்டு அதிகம் விலகாத வெள்ளியும் புதனும் அடுத்து வந்தன. கடைசியில் 27 நாளில் சுற்றிவிடும் நிலவு. இது கிழமை வரிசையே அல்ல என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும், அதுதான் பாடத்தின் திருப்பம்.

ஒரு நாளுக்கு 24 ஓரை. ஒவ்வோர் ஓரைக்கும் இந்த அடுக்கின்படி ஒரு கோள் உரியது. ஓரை என்ற சொல்லும் ஆங்கில 'அவர்' என்ற சொல்லும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. 24ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 3. முதல் ஓரை சூரியனுக்கு என்றால் 22ஆவதும் சூரியனுக்கே. 23 வெள்ளி, 24 புதன். மறுநாளின் முதல் ஓரை நிலவுக்கு. கிழமை என்றால் உரிமை. முதல் ஓரைக்கு உரிய கோளுக்கே அந்த நாள் உரியது. ஆகவே ஞாயிற்றுக்குப் பின் திங்கள். மூன்றாம் நூற்றாண்டு ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் இந்த விளக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். ரோமானியருக்கு மார்ஸின் நாள் நமக்குச் செவ்வாய். ஆங்கில டியூஸ்டேயில் இருப்பதும் 'டியூ' என்ற போர்த் தெய்வமே.

"ராகு, கேதுவுக்கு ஏன் நாள் இல்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நவக்கிரக சந்நிதியைச் சுற்றிய பிள்ளைகள் அல்லவா! அவை கண்ணுக்குத் தெரியும் கோள்கள் அல்ல. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள்.

'செவ்வாய் வெறுவாய்' என்று கேட்டு வளரும் பிள்ளைகள், செவ்வாயன்று புது நோட்டில் எழுதத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு நம்பிக்கையைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படித் தயங்கிய ஒரு மாணவியை, ஞாயிறு முதல் எண்ணிக்கொண்டே போகச் சொன்னேன். 49ஆவது ஓரையில் செவ்வாய் வந்து நின்றது. "மீதி மூணுனாலதான் செவ்வாயா டீச்சர்?" என்றாள். அந்தக் கணக்கைப் புது நோட்டில்தான் எழுதினாள்.

மறுநாள் வகுப்பில் 365ஐ 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதி 1. அவரவர் பிறந்தநாள் அடுத்த ஆண்டு எந்தக் கிழமையில் வரும் என்று கண்டுபிடிக்கட்டும். பிப்ரவரி 29 இடையில் வந்தால் மீதி 2 என்பதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நாள்காட்டியோடு ஒப்பிடும்போது அவர்களே சண்டைக்கு வருவார்கள்.