விதண்டாவாதம் என்று சொல்லுமுன்

அன்புள்ள தம்பி,

கல்லூரிப் பட்டிமன்றத்தில் பரிசு வாங்கியதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் போகிற போக்கில் நீ எழுதிய ஒரு செய்தி நாலு நாளாக என்னை உறுத்துகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டால் ஒழுக்கம் நிற்காது என்று நீ பேசினாய். "எங்க தாத்தா கோயில் பக்கமே போனதில்ல, யாரையும் ஏமாத்தினதும் இல்ல. அவருக்கு ஒழுக்கம் எங்கிருந்து வந்தது?" என்று எதிரணிப் பெண் கேட்டாள். நீ "விதண்டாவாதம்" என்றாய். அரங்கம் கைதட்டியது.

அந்தச் சொல்லை அப்படிப் பாழாக்காதே. நியாய சூத்திரம் பேச்சை வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை காணப் பேசுவது வாதம். வெல்வதற்காகச் சொல்லைத் திரித்தாவது பேசுவது ஜல்பம். தனக்கென்று எதையும் நிறுவாமல் அடுத்தவர் கொள்கையை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. அந்தப் பெண்ணுக்கு ஒரு கொள்கை இருந்தது. சான்றுக்குத் தாத்தா இருந்தார். அவள் செய்தது வாதம். பதில் சொல்லாமல் பட்டம் கட்டிக் கைதட்டு வாங்கினாயே, அதுதான் ஜல்பம்.

உலகைப் படைத்த கடவுளைச் சமணமும் ஏற்கவில்லை, பௌத்தமும் ஏற்கவில்லை. கொல்லாமையை அவர்களைவிடக் கண்டிப்பாகச் சொன்னவர் யார்? இதற்கு நீ விடை சொல்லியாக வேண்டும். உன் கட்சிக்கும் வழி இருந்தது. "உங்கள் தாத்தா நல்லவர்தான். ஆனால் நல்லவராக இருக்க விரும்பாதவனை எந்த அறம் கட்டும்?" என்று கேட்டிருக்கலாம். அது கனமான கேள்வி. நீ கேட்கவில்லை.

சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தை நான் முதலில் படித்தது உன் வயதில். அதை எழுதிய அருணந்தி சிவாசாரியார் சைவர். மறுக்கப்போகும் கொள்கைகளில் முதலில் எடுப்பது உலகாயதம். கண்ணால் கண்டதே உண்மை என்னும் கட்சி. முதலில் உலகாயதன் மதம், பிறகுதான் மறுதலை. அந்த முதற்பகுதியைப் படித்துவிட்டு, உலகாயதன் சொல்வது சரிதானோ என்று இரண்டு நாள் தடுமாறினேன். எதிர்க்கட்சியை அவ்வளவு உயிரோடு நிறுத்தியிருந்தார். அதன் பிறகு வந்த மறுப்புக்குத்தான் எடை இருந்தது.

இன்னொன்று கேள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அதற்கு உரை எழுதிய சமயதிவாகர வாமன முனிவர், எதிராளியின் பாடல்கள் பலவற்றின் தொடக்கத்தை எடுத்துக் காட்டுகிறார். அந்தப் பாடல்களைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பங்கு அவர் உரையால்தான். எதிரியின் சொல்லைக் காப்பாற்றியது எதிரியின் ஏடு! இப்போது தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இன்னொருவர் பாய்கிறார். அதைப் பார்த்துப் பேசக் கற்காதே.

ஒரு வேலை செய். அந்தப் பெண்ணின் கட்சியை, தாத்தாவையும் சேர்த்து, ஒரு பக்கத்தில் எழுது. அவளிடமே காட்டு. "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவள் சொன்ன பிறகு அந்தத் தாளை எனக்கு அனுப்பு. உன் மறுப்பை அதற்குப் பிறகு படிக்கிறேன்.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்