காயமில்லாத வலி, வலியில்லாத காயம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உலகத்திலேயே பெரிய வலி எது என்று உங்கள் விடுதியில் நடந்த வாக்குவாதத்தைப் படித்தேன். ஒருத்தி பிரசவ வலி என்றாளாம். இன்னொருத்தி சிறுநீரகக் கல் என்றாளாம். காதல் தோல்விக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று மூன்றாமவள் சாதித்தாளாம். போன வருஷம் அம்மாவைப் பறிகொடுத்த பெண் மட்டும் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டாளாம். "நர்ஸா இருந்தவங்க நீங்க, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க பெரியம்மா" என்று முடித்திருக்கிறாய்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னைப் பண்ருட்டிப் பக்கம் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

நீ படிக்கிற விருத்தாசலமும் பண்ருட்டியும் ஒரே மாவட்டம்தான். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் 7ஆம் நூற்றாண்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா திலகவதி. தம்பி மருள்நீக்கி, பின்னாளில் நாம் அப்பர் என்றும் திருநாவுக்கரசர் என்றும் கும்பிடுகிறவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர்கள் கதையைச் சொல்கிறார். திலகவதிக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் என்ற படைத்தலைவர் போருக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் அப்பா இறந்தார், அடுத்து அம்மா இறந்தார், கடைசியில் கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார் என்ற செய்தி வந்தது. திலகவதி உயிரை விடத் துணிந்தார். சின்னப் பையனான தம்பி காலைப் பிடித்துக்கொண்டு, நீ போனால் நானும் போய்விடுவேன் என்று அழுதான். அவனுக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

தம்பி வளர்ந்து சமண சமயத்தில் சேர்ந்தார். இன்றைய கடலூருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலையில் இருந்தபோது அவருக்குச் சூலை நோய் வந்தது. குடலைச் சுருட்டிப் பிடிக்கும் வலி. கூட இருந்தவர்கள் மந்திரித்துப் பார்த்தார்கள், மயிற்பீலியால் தடவிப் பார்த்தார்கள். வலி கேட்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். நான் அங்கே வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய் அக்காவின் காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்து வீரட்டானக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே பாடிய பதிகம்தான் இன்று நான்காம் திருமுறையின் முதல் பதிகம். பக்தர்களுக்கு அது அருள் கிடைத்த கதை. எனக்கும் அப்படித்தான். ஆனால் வார்டில் வேலை பார்த்தவளுக்கு அது ஒரு நோயாளியின் வாக்குமூலமாகவும் காதில் விழுகிறது. எங்கே வலிக்கிறது, எப்படி முறுக்குகிறது, இனித் தாங்க முடியாது என்பதை ஒரு மனிதர் வெட்கப்படாமல் சொல்கிறார். அது என்ன நோய், இன்றைய டாக்டர் அதற்கு என்ன பெயர் வைப்பார் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வீட்டில் யாருடைய வலி பெரியது என்று உன் தோழிகளைக் கேள். தம்பியின் வலிக்கு ஓர் இடம் இருந்தது, பெயர் இருந்தது, அது தீர்ந்த நாளும் இருந்தது. அக்காவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சாகத் துணிந்தது அவர்தான்.

மருத்துவமும் வலியை வரிசைப்படுத்திப் பார்க்காமல் இல்லை. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் 1975இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதோடு அது நிற்கவில்லை, எப்படி வலிக்கிறது என்று கேட்டது. துடிக்கிறதா, குத்துகிறதா, எரிகிறதா, பயமுறுத்துகிறதா, ஆளையே அடித்துப் போடுகிறதா என்று சொற்களை நீட்டி, பொருந்துவதை எடுக்கச் சொன்னது. நரம்பு அடிபட்ட பிறகு வரும் காசால்ஜியா என்ற எரிச்சல், விரல் துண்டாகும் வலி, தலைப்பிரசவம் ஆகியவை அதில் மேலே வந்தன. முக நரம்பு வலியையும் சேர்த்துக்கொள். காற்றுப் பட்டால், பல் துலக்கினால் கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல வெட்டி இழுக்கும். அது வந்தவர்கள் முகம் கழுவவே நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் அந்த முகத்தில் ஒன்றுமே இருக்காது.

ஆனால் இந்த வரிசை யாருக்கும் நிலையானது இல்லை. 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயத்தோடு வந்த வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் வேண்டும் என்றார். காயம் சின்னதில்லை. ஆனால் அந்தக் காயம், போர்க்களத்தை விட்டு உயிரோடு வீட்டுக்குப் போக அவர்களுக்குக் கிடைத்த சீட்டு. காயத்துக்கு என்ன அர்த்தம் என்பதும் வலிக்குள் கலந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, வெட்டி எடுத்த கை வலிக்கிறது என்று அழுகிறவர்கள் உண்டு. கையே இல்லை, ஆனால் இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையைக் குத்துகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்தே அப்படிப்பட்ட சிலருக்கு ஆறுதல் கொடுத்தார். இருக்கிற கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து, விரல்களைத் திறக்கச் சொன்னார். கண் பார்த்ததும் மூளை அந்தப் பிடியைத் தளர்த்தியது.

காயம் வேறு, வலி வேறு. இந்த ஒன்றை நீ பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். காயத்தைப் பார்த்து வலியை அளக்க முடியாது. அளக்க இருக்கும் சிறந்த வழி, வலிக்கிறவர் சொல்வதைக் கேட்பது. எங்கள் தொழிலில் இதை 1968இலேயே மார்கோ மெக்கஃபெரி என்ற அமெரிக்க நர்ஸ் எழுதிவிட்டார். நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது, அவ்வளவுதான். உலகளாவிய வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்று சேர்த்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததால் ஒருவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் அது எழுதி வைத்தது.

இதை எழுதி வைக்கத்தான் வேண்டியிருந்தது மகளே. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980கள் வரை பெரிய பெரிய மருத்துவர்கள் நம்பினார்கள். பிறந்த குழந்தைகளுக்குப் போதுமான வலி மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்தது. இந்திய வம்சாவளி மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவர் குழுவினரும் 1987இல், சரியான மயக்க மருந்து கொடுத்த குழந்தைகள் நன்றாகத் தேறுவதைக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. எத்தனை குழந்தைகள் அதற்கு முன்னால் அழுதிருக்கும்! அழுகையைக் கேட்டவர்கள் எல்லாரும் படித்தவர்கள்.

இனி என் தீர்ப்பு. மிகப் பெரிய வலி என்று நான் சொல்வது, தீர்க்க வழி இருந்தும் யாரும் தீர்த்து வைக்காத வலியை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவரின் இரவைப் பார்த்தால் உனக்குப் புரியும். அதற்கு வாய்வழி மார்ஃபின் இருக்கிறது. விலை குறைவு. அது எடுக்கப்படும் அபின் செடி நம் நாட்டிலேயே அரசு உரிமத்தோடு பயிராகிறது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையும் அடுக்கடுக்கான உரிமங்களும் சேர்ந்து, அந்த மருந்தை வைத்திருக்கவே மருத்துவமனைகளைப் பயப்பட வைத்தன. கேரளத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2014இல் சட்டத்திருத்தம் வந்தது. இன்றும் அந்த மருந்து போய்ச் சேராத வீடுகள் ஏராளம். விதி என்று அதைச் சொல்லாதே. அது மனிதர்கள் செய்யாமல் விட்ட வேலை.

மருந்தில்லாத வலி இன்னொன்று இருக்கிறது. எழுந்து போனாளே, அந்தப் பெண்ணுடையது: பறிகொடுத்தவர்களின் வலி.

2004 டிசம்பர் 26 அன்று நம் மாவட்டக் கடலோரத்தில் ஆழிப்பேரலை வந்தபோது நீ பிறக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் அதற்கு முன்பே குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களில் விரும்பியவர்களுக்கு, கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்யத் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. துக்கத்தோடு வந்து மறுபடியும் ஒரு கத்திக்கு உடம்பைக் கொடுத்த பெண்களை நினைத்துப் பார். போன பிள்ளைக்குப் புதுப் பிள்ளை ஈடாகாது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அது தெரிந்தும் போய்ப் படுத்தார்கள்.

மனவலி வெறும் நினைப்புதானே என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதே. 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர், விளையாட்டில் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, உடல்வலியில் வேலை செய்யும் சில பகுதிகளே விழித்திருந்தன. இரண்டும் அப்படியே ஒன்றல்ல, உள்ளே தடங்கள் வேறு என்று 2014இல் வேறொரு குழு காட்டியது. எப்படியானாலும் மூளையில் நடப்பது நடக்கத்தான் செய்கிறது. எனவே அந்தப் பெண்ணிடம் போய்ப் பக்கத்தில் உட்கார். "எல்லாம் சரியாயிடும்", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க" என்ற இரண்டையும் சொல்லாதே. அவள் அம்மாவைப் பற்றிக் கேள். இறந்தவரின் பேரைச் சொல்லப் பயந்து எல்லாரும் பேச்சை மாற்றுவதுதான் பல பேரைத் தனியாக்குகிறது. அவள் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்பதுபோலப் பேசினாலோ, சாகணும்போல இருக்கிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவளைத் தனியாக விடாமல் வார்டனிடம் சொல். மனநல உதவிக்கு 104க்கோ 14416க்கோ அவளோடு சேர்ந்து நீயே போன் போடு. திலகவதியை அன்று உயிரோடு நிறுத்தியது, காலைப் பிடித்துக்கொண்ட ஒரு சின்னப் பையன்.

இதுவரை எழுதியது வலிப்பதைப் பற்றி. பீங்கான் தொழில் படிக்கிற உன்னை நினைத்தால் எனக்குப் பயம், வலிக்காததைப் பற்றி.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாகவே உதிர்கின்றன என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். நோய் நரம்பை அழிக்கிறது, உணர்ச்சி போன கையை அவர்களே தெரியாமல் சிதைத்துக்கொள்கிறார்கள் என்று பிராண்ட் கண்டுகொண்டார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்தார்கள். இரவில் எலி விரலைக் கடித்தும் விழிக்காமல் தூங்கினார்கள். வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்களாம். பின்னாளில் அமெரிக்காவில் பிராண்ட், அழுத்தம் கூடினால் எச்சரிக்கும் உணர்விகளைப் பொருத்திச் செயற்கை வலியை உண்டாக்கப் பார்த்தார். அது தோற்றது. அவசரமாக ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்றால், நோயாளிகள் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். தன்னால் அணைக்க முடியாத வலிதான் மனிதனைக் காக்கிறது.

உன் சூளையிலும் வலிக்காத காயம்தான் ஆபத்து. லேசான தீக்காயம் துடிக்க வைக்கும். ஆழமாகச் சுட்ட இடம் வெளுத்துப் பதனிட்ட தோல்போல் தடித்து, நடுவில் வலியே இல்லாமல் இருக்கும். அங்கே நரம்பு முனைகளும் எரிந்துவிட்டன. வலிக்கவில்லையே என்று அடுத்த தட்டை இறக்கப் போகிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார். சுட்ட உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடு. வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்று. ஐஸ், பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

இதைவிடச் சத்தமில்லாதது தூசி. நீங்கள் அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்யும் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை அது சாது. காய்ந்த உருப்படியைச் சுரண்டித் தேய்க்கும்போதும், பொடியைக் கொட்டும்போதும், உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே தழும்பு கட்டுகிறது. நுரையீரலின் உட்பகுதி வலியை உணர்த்துவதில்லை. எனவே ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிற அன்று தெரியும். சிலிக்கோசிஸைக் குணமாக்க மருந்து கிடையாது, காசநோயும் எளிதாகத் தொற்றும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, டாக்டர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இதை வைத்தது. துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொள்வது இந்தத் துகளை நிறுத்தாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். தொழிற்பேட்டையில் பயிற்சிக்குப் போகும் இடத்தில் நெடுநாளாக வேலை பார்க்கும் அண்ணன்கள், அக்காக்கள் இருமுவதைக் கேட்டால், சளிதான் என்று அவர்கள் சொன்னாலும், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

உங்கள் பட்டறைத் தரையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறார்களா, அப்படியே கூட்டுகிறார்களா? அடுத்த கடிதத்தில் எழுது. முகக்கவசம் இரண்டு பெட்டி உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் தோழிகளுக்கு.

அன்புடன்,
பெரியம்மா